கரும்பலகையில் வரைந்த பூவைத் தேடி

முதல் நாள்: ஈஸ்ட் ஹாம்

முப்பத்தொரு வருஷம் ஒரு பூவைக் கரும்பலகையில் வரைந்தேன். பிரைமுலா. நீளவாக்கில் பிளந்த இரண்டு பூக்கள், பக்கத்துப் பக்கத்தில். ஒன்றில் சூலகத்தண்டு நெடுநெடுவென்று குழாயின் வாய் வரைக்கும் வந்து நிற்கும், மகரந்தப்பைகள் பாதி ஆழத்தில் இருக்கும். மற்றதில் அப்படியே தலைகீழ்: மகரந்தப்பைகள் வாயில், சூலகத்தண்டு பாதி வழியில். ‘மாறுபட்ட சூலகத்தண்டு நிலை, எடுத்துக்காட்டு: பிரைமுலா’ என்று மேலே எழுதிப் போடுவேன். பிள்ளைகள் நோட்டில் வரைந்துகொள்வார்கள். பாளையங்கோட்டை வெயிலில் அந்தப் பூவை அவர்களும் கண்டதில்லை, நானும் கண்டதில்லை. "என்ன நிறம் மிஸ்?" என்று ஒருத்தி கேட்டாள். புத்தகத்தில் இருந்தபடி மஞ்சள் என்றேன்.

ஓய்வு பெற்ற பிறகு டார்வினின் கடிதங்களைப் படிக்க ஆரம்பித்தேன். அவர் எழுதியதும் அவருக்கு வந்ததுமாகப் பதினைந்தாயிரத்துக்கு மேல் கிடைத்திருக்கின்றன. 1974இல் தொடங்கி, தேடித்தேடிச் சேர்த்து, 30 தொகுதிகளாகப் பதிப்பித்திருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் இணையத்தில் படிக்கலாம். தினம் நாலைந்து படிப்பேன். அதில் என் பிரைமுலா அடிக்கடி வந்தது. அண்ணன் மகள் இங்கே லண்டனுக்கு வா வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். "ஏப்ரல் கடைசியில் வருகிறேன், பூக்கிற நேரம்" என்றேன். "எங்களைப் பார்க்க இல்லையா அத்தை?" என்றாள். இரண்டுக்கும்தான்.

இன்று களைப்பு. இருந்தாலும் மாலையில் பிக்காடிலி போய் பர்லிங்டன் ஹவுஸ் முற்றத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். இயற்கையியல் அறிஞர்களின் லின்னேயன் சங்கம் இருக்கும் இடம். 1858 ஜூலை 1 அன்று, இயற்கைத் தேர்வு என்ற எண்ணத்துக்குத் தனியாக வந்து சேர்ந்த வாலஸின் கட்டுரையையும் டார்வினின் குறிப்புகளையும் சேர்த்து வாசித்தது இந்த வளாகத்தில்தான். டார்வின் பக்கத்திலிருந்து வாசித்தவற்றில் ஒன்று, அமெரிக்காவில் ஹார்வர்டில் இருந்த ஏசா கிரே என்ற தாவரவியலாளருக்கு அவர் முந்தைய வருஷம் எழுதிய கடிதத்தின் பகுதி. இயற்கைத் தேர்வு என்ற எண்ணம் உலகத்துக்கு முதலில் தெரியவந்தபோது பாதி கடிதமாகத்தான் வந்தது. 1861 நவம்பர் 21 அன்று பிரைமுலாவின் இரண்டு உருவங்கள் பற்றிய கட்டுரையும் இதே சங்கத்தில் வாசிக்கப்பட்டது. என் கரும்பலகைப் படம் அங்கிருந்துதான் வந்தது.

இரண்டாம் நாள்: டவுன்

விக்டோரியாவிலிருந்து ரயிலில் பிராம்லி சவுத், அங்கிருந்து 146ஆம் எண் பஸ். மணிக்கு ஒன்றுதான். அண்ணன் மகள் கட்டிக் கொடுத்த புளிச்சாதத்தோடு ஏறி உட்கார்ந்தேன். கடைகளும் வீடுகளும் குறைந்து, வேலி மரங்கள் இரண்டு பக்கமும் நெருங்கி, பஸ் போகிற அகலமே இருக்கும் ஒரு சாலையில் போய் டவுன் கிராமத்தில் இறக்கிவிட்டார்கள். டார்வின் 1842இல் இங்கே குடிவந்தார். 1882இல் இறக்கும்வரை நாற்பது வருஷம் இதே வீடு.

படிப்பறையில் நிறைய நேரம் நின்றேன். நாற்காலிக் கால்களில் சக்கரம் பூட்டியிருக்கிறது. கைப்பிடிகள் மேல் ஒரு பலகையைக் குறுக்கே வைத்துக்கொண்டு எழுதுவாராம். மேஜை கூட இல்லை, பலகைதான். அதன் மேல் வைத்துத்தான் கல்கத்தாவுக்கும் பாஸ்டனுக்கும் பேராதனைக்கும் எழுதியிருக்கிறார். கேட்டதெல்லாம் சின்னச் சின்னக் கேள்விகள். உங்கள் ஊரில் இந்தச் செடிக்கு எத்தனை வடிவம் உண்டு? இந்தப் பட்டியலில் எந்தெந்தச் சிற்றினங்கள் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமானவை என்று அடையாளம் போட்டு அனுப்ப முடியுமா?

ஏன் இந்தக் கேள்விகள் என்பதைச் சொல்ல வேண்டும். சிற்றினம் எங்கே முடிகிறது, அதற்குள் அடங்கும் வகை எங்கே தொடங்குகிறது என்பதில் அப்போது தாவரவியலாளர்கள் ஒத்துப்போகவே இல்லை. பிரிட்டனில் உள்ள அதே செடிகளை வைத்துக்கொண்டு, உருவம் அதிகம் மாறுகிற பேரினங்களில், அதாவது நெருங்கிய சிற்றினங்களின் கூட்டங்களில், பாபிங்டன் 251 சிற்றினம் என்றார், பென்தம் 112தான் என்றார். நடுவில் 139 செடிகள் அந்தரத்தில் நின்றன. மற்றவர்களுக்கு இது தலைவலி. டார்வினுக்கு இதுதான் சாட்சி. வகை என்பது பிறந்துகொண்டிருக்கும் சிற்றினம் என்றால், கோடு கலங்கலாகத்தானே இருக்கும்?

சாப்பிட்டுவிட்டு, அவர் தினமும் நடந்த மணல்பாதையில் இரண்டு சுற்றுப் போனேன். சுற்று எண்ண ஓரத்தில் கற்களைக் குவித்து வைத்துக்கொண்டு, சுற்றுக்கு ஒன்றாகத் தள்ளிவிடுவாராம். கண்ணாடி வீட்டில் ஆர்க்கிட்களும் பூச்சி தின்னும் செடிகளும் இருந்தன. அழகுதான். ஆனால் மனசு பூரா வேறு பூவில் இருந்தது.

பிறகு ஹை எல்ம்ஸ் பக்கம் நடந்தேன், அரை மணி நேரத்துக்குச் சற்று மேல். ஜான் லப்பக் குடும்பத்தின் தோட்டம் அது, இப்போது பொதுப் பூங்கா. வீடு 1967இல் எரிந்துபோயிற்று. இந்த நடையை நான் வேண்டுமென்றேதான் வைத்துக்கொண்டேன், ஒரு கடிதத்துக்காக.

1857இல் டார்வின் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். நிறையச் சிற்றினங்கள் உள்ள பேரினம் என்றால் அங்கே சிற்றினங்கள் உருவாவது சுறுசுறுப்பாக நடந்திருக்கிறது. அப்படியானால் அங்கேதான் வகைகளும் அதிகம் இருக்க வேண்டும். தாவரப் பட்டியல்களை எடுத்து எண்ணினார். எண்ணிய முறையே தப்பு என்று பக்கத்து வீட்டு இளைஞர் லப்பக் சொன்னார். டார்வினுக்கு 48 வயது, லப்பக்குக்கு 23. தாவரப் பட்டியலைப் பெரிய பேரினங்கள், சிறிய பேரினங்கள் என்று ஏறக்குறைய சரிபாதியாகப் பிரித்து ஒப்பிட வேண்டும் என்பது லப்பக்கின் யோசனை. ஜூலை 14 அன்று டார்வின் எழுதிய பதில் இருக்கிறதே, அதை நான் எத்தனை தடவை படித்தேனோ தெரியாது. அதே நாளில் தாவரவியலாளர் நண்பர் ஹூக்கருக்கு எழுதியதில், தன்னைப் போல ஒரு குழம்பிய முட்டாள் இங்கிலாந்திலேயே இல்லை என்கிறார். அழுகை வருகிறது என்கிறார். லப்பக்குக்கு எழுதிய பதிலில், எல்லாவற்றையும் கிழித்துப் போட்டுவிடலாம் போல இருக்கிறது என்கிறார். அதற்குள்ளேயே நியூசிலாந்துத் தாவரங்களைப் புது முறையில் பிரித்தும் பார்த்துவிட்டார். பெரிய பேரினங்களில் 339 சிற்றினம், அதில் 51க்கு வகைகள் உண்டு. சிறியவற்றில் 323, அதில் 37க்குத்தான். விகிதப்படி 48 அல்லது 49 வந்திருக்க வேண்டும். தான் நினைத்த பக்கம்தான் சாய்கிறது, ஆனால் எல்லா இடத்திலும் இப்படி வந்தால்தான் நம்புவேன் என்று எழுதுகிறார். வாரக்கணக்கான வேலையை மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். கூட்டல் கழித்தலுக்கு ஊர்ப் பள்ளிக்கூட ஆசிரியர் உதவியிருக்கிறார். ஒரு வாத்தியார் அதில் இருந்தார் என்பதில் எனக்குச் சொல்ல முடியாத சந்தோஷம்.

அந்தச் சரிவில்தான் கண்டேன். சுண்ணாம்பு மண், குட்டைப் புல், அதற்கு நடுவே கொத்துக் கொத்தாக கவ்ஸ்லிப். பிரைமுலா வெரிஸ். கால் தன்னால் நின்றுவிட்டது.

நான் வரைந்ததைவிட எவ்வளவோ சின்னது. ஒரு சாண் உயரத் தண்டின் நுனியில் பத்துப் பன்னிரண்டு பூக்கள், எல்லாம் ஒரே பக்கமாகத் தலை சாய்த்து. வெளிறிய பச்சைப் புல்லிவட்டம் பை மாதிரி உப்பியிருக்கிறது, அதிலிருந்து மஞ்சள் குழாய் எட்டிப் பார்க்கிறது. வாயைச் சுற்றி ஐந்து ஆரஞ்சுப் பொட்டு. பொட்டு என் படத்தில் இல்லை. மண்டியிட்டு லென்ஸை வைத்துப் பார்த்தேன். வாயின் நட்ட நடுவில் குண்டூசித் தலை போல ஒரு பச்சை உருண்டை. ஊசிக்கண்! அடுத்த செடியில் உருண்டை இல்லை, அதே இடத்தில் மகரந்தப்பைகள் ஐந்தும் கூடி, நறுக்கிய நூல் நுனிகள் மாதிரி நின்றன. நூல்கண். பூவைப் பறிக்கக் கூடாது. யாரோ மிதித்துக் கீழே கிடந்த ஒன்றை எடுத்து நகத்தால் குழாயைக் கீறினேன். சூலகத்தண்டு சரியாகப் பாதியில் நின்றது. விரலில் அப்பிய மகரந்தத்தில் சர்க்கரைபாதாமி (ஆப்ரிகாட்) வாசம்.

முப்பத்தொரு வருஷம் நான் தப்பாக வரையவில்லை. புல்லில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதேன்.

மூன்றாம் நாள்: கியூ

நேற்று ராத்திரி சரியாகத் தூக்கம் இல்லை. டிஸ்ட்ரிக்ட் லைனில் ஒரே ரயில், நேரே கியூ கார்டன்ஸ், லண்டனின் பெரிய தாவரவியல் தோட்டம்.

தமிழ்நாட்டில் தாவரவியல் படித்தவர்களுக்கு ஹூக்கர் அந்நியர் இல்லை. செடிப் பெயர்களின் வாலில் ‘ஹூக். எஃப்.’ என்று பார்த்திருப்பீர்கள். அந்த ‘எஃப்’ லத்தீனில் மகன் என்பதைக் குறிக்கும். அப்பா வில்லியம் ஹூக்கரும் தாவரவியலாளர், அதனால் பிள்ளைக்கு அடையாளம். பிரிட்டிஷ் இந்தியாவின் தாவரங்களை ஏழு தொகுதிகளாக எழுதிய ஜோசப் டால்டன் ஹூக்கர் 1865 முதல் 1885 வரை கியூவின் இயக்குநர். அவருக்கும் டார்வினுக்கும் நடுவே ஓடிய கடிதங்களில் 1,400 போல மிஞ்சியிருக்கின்றன.

1844 ஜனவரி 11 கடிதம்தான் எல்லோருக்கும் தெரியும். சிற்றினங்கள் மாறாதவை அல்ல என்று கிட்டத்தட்ட உறுதியாகிவிட்டது, இதைச் சொல்வது கொலையை ஒப்புக்கொள்வது போல இருக்கிறது என்று டார்வின் எழுதினார். யாருக்கு? தென்துருவக் கடல்களிலிருந்து திரும்பிய 26 வயதுப் பையனுக்கு, பழக்கமாகிச் சில மாதம்கூட ஆகாத ஒருவருக்கு. ஹூக்கர் முகம் சுளிக்கவில்லை, உடனே தலையாட்டவும் இல்லை. கேட்டுக்கொண்டார். அடுத்த முப்பத்தெட்டு வருஷம் டார்வினுக்கு அவர் செய்தது அதுதான்: கேட்பது, தகவல் தருவது, ஒப்புக்கொள்ள முடியாத இடத்தில் முடியாது என்பது. 1860 மே மாதம் டார்வின் கவ்ஸ்லிப்பின் இரண்டு உருவங்களைக் கவனித்ததும் ஓடிப்போய்ச் சொன்னதும் இவரிடம்தான்.

இந்த இரண்டு உருவங்களைத் தோட்டக்காரர்கள் வெகு காலமாக அறிவார்கள். ஊசி, நூல் என்று பேர் வைத்ததே அவர்கள்தான். அறிஞர்கள் அதைச் சும்மா ஒரு மாறுபாடு என்று தாண்டிப் போனார்கள். டார்வின் எண்ணினார். செடிக்கு ஒரு கொத்து வீதம் 522 கொத்து, அதில் 241 நெட்டைத்தண்டு, 281 குட்டைத்தண்டு. ஏறக்குறைய பாதிக்குப் பாதி. சும்மா மாறுவது என்றால் இடைநிலைகள் இருக்க வேண்டாமா? நெட்டைத்தண்டு பெண்ணாகிக்கொண்டு வருகிறது, குட்டைத்தண்டு ஆணாகிறது என்று முதலில் நினைத்தார். அப்படியானால் நெட்டையில் விதை அதிகம் இருக்க வேண்டும். எண்ணிப் பார்த்தால் குட்டையில்தான் அதிகம். சரி, நினைப்பு போயிற்று. வலை போட்டு மூடினார், கையால் மகரந்தம் சேர்த்தார். ஊசியின் மகரந்தம் நூலுக்கும், நூலினது ஊசிக்கும் போனால் நன்றாக விதை கட்டுகிறது. தன் உருவத்துக்குள்ளேயே சேர்த்தால் கட்டுவது குறைவு. ஒரு பூவில் வாய் தொடும் உயரத்தில் மகரந்தம், அடுத்த பூவில் அதே உயரத்தில் சூலகமுடி. தேனீயின் உடம்பில் ஒட்டிய இடமும் தொடும் இடமும் ஒன்று. மாறுபாடு என்று ஒதுக்கியது ஓர் ஏற்பாடாக இருந்தது.

கியூவின் உலர்தாவரக் காப்பகத்தைக் கியூ கிரீன் பக்கம் வெளியிலிருந்துதான் பார்த்தேன். எழுபது லட்சத்துக்கு மேல் உலர்ந்த செடிகள் அந்தச் சுவர்களுக்குள். அங்கே நின்றபோது நினைவில் வந்தது ஜான் ஸ்காட்.

எடின்பரோ தாவரவியல் தோட்டத்தில் பதியன் போடும் பிரிவில் வேலை பார்த்தவர். 1862 நவம்பரில் டார்வினுக்குக் கடிதம் போட்டார்: ஐயா, உங்கள் ஆர்க்கிட் புத்தகத்தில் அக்ரோபெராவை ஆண் செடி என்கிறீர்கள், இங்கே அதில் காய் பிடித்திருக்கிறது. ஒரு தோட்டத் தொழிலாளி, உலகம் அறிந்த ஒருவரின் புத்தகத்தில் பிழை சொல்கிறார். டார்வின் நன்றி சொன்னார், கூடவே கேள்விகள் கேட்டார், சோதனைகள் சொன்னார். பிரைமுலா மேல் ஸ்காட் வருஷக்கணக்காக உழைத்தார். சூலகத்தண்டும் மகரந்தப்பையும் ஒரே உயரத்தில் நிற்கும் சிவப்பு கவ்ஸ்லிப்பைப் பற்றி எழுதினார், அது தன் மகரந்தத்திலேயே நன்றாக விதை கட்டியது. இரண்டு உயரம் எதற்கு என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி ஏது? 1864இல் அவருடைய கட்டுரை லின்னேயன் சங்கத்தில் வாசிக்கப்பட்டது. அதே வருஷம் எடின்பரோ வேலையை விட்டார். டார்வின் பணம் தர முன்வந்தார், ஹூக்கர் வழி பார்த்தார், ஸ்காட் கல்கத்தாவுக்குக் கப்பல் ஏறித் தாவரவியல் தோட்டத்தில் பொறுப்பாளரானார். அங்கிருந்தும் எழுதிக்கொண்டே இருந்தார், கல்கத்தா மண்புழுக்கள் தள்ளும் மண்ணைப் பற்றிக்கூட. 1880இல் இறந்தார். பாடப்புத்தகத்தில் பிரைமுலாவுக்குப் பக்கத்தில் இவர் பெயரும் இருந்திருக்க வேண்டும். நான் சொல்லிக் கொடுத்த காலத்தில் எனக்கே தெரியாது என்பது இன்று வலிக்கிறது.

நம் பக்கத்துக் கடலிலிருந்தும் பூ போயிருக்கிறது. பேராதனைத் தோட்டத்தின் இயக்குநர் த்வெயிட்ஸ் இலங்கையில் இப்படி இரண்டு உருவம் காட்டும் செடிகளைப் பற்றி டார்வினுக்குத் தெரிவித்தார்.

நான்காம் நாள்: கேம்பிரிட்ஜ்

மழை. தாவரவியல் தோட்டத்தில் பாதி நேரம் மரத்தடியில் ஒதுங்கினேன்.

இந்தத் தோட்டம் 1846இல் திறந்தது. வடிவமைத்த எண்ணம் டார்வினின் ஆசிரியர் ஹென்ஸ்லோவினுடையது. டார்வினுக்கு முன்பே மாறுபாட்டில் பித்தாக இருந்தவர் அவர். உலர்தாவரத் தாளில் ஒரு சிற்றினத்துக்கு ஒரு செடி ஒட்டிவிட்டுப் போகாமல், குட்டையும் நெட்டையும் இலை அகன்றதும் ஒடுங்கியதுமாகப் பலவற்றை ஒரே தாளில் வரிசையாக ஒட்டுவார். எங்கே வரை ஒரே சிற்றினம் என்று பார்ப்பதற்கு. தோட்டத்திலும் அதே பாடம்தான். கறுப்புப் பைன் ஒரே சிற்றினம், ஆனால் வெவ்வேறு நாட்டு உருவங்களை எதிரும் புதிருமாக வைத்திருக்கிறார்கள். ஒன்று இறுகிக் கறுத்து நிற்கிறது, மற்றது தளர்ந்து விரிந்திருக்கிறது. பெயர்ப்பலகை இல்லாவிட்டால் நானே இரண்டு என்று சொல்லியிருப்பேன்.

1830இல் ஹென்ஸ்லோ ஒரு கட்டுரை எழுதினார். பிரைமுலா பேரினத்தின் பிரிம்ரோஸ், கவ்ஸ்லிப், ஆக்ஸ்லிப் எல்லாம் ஒரே சிற்றினம் என்று. ஒரு செடியின் விதையிலிருந்தே இன்னொன்றின் உருவத்தில் நாற்றுகள் வந்தன என்பது அவர் காட்டிய ஆதாரம். டார்வின் அதை நம்பினார். 1859இல் சிற்றினங்களின் தோற்றம் பற்றிய புத்தகத்தில், வாசனை வேறு, பூக்கும் காலம் வேறு, வளரும் இடம் வேறு, ஒட்டுச்சேர்ப்பதும் கடினம், இருந்தாலும் விதைச் சோதனைகளைப் பார்த்தால் கவ்ஸ்லிப்பும் பிரிம்ரோஸும் வகைகள்தான் என்று எழுதினார்.

அப்புறம் ஊசியும் நூலும் அவர் கண்ணில் பட்டன. இந்தப் பூக்கள் பூச்சி கொண்டுவரும் பிற செடியின் மகரந்தத்துக்காகவே அமைந்தவை என்று தெரிந்த பிறகு, அந்தப் பழைய விதைகளின் மதிப்பு என்ன? தாய் யார் என்று தெரியும். தகப்பன்? தோட்டத்தில் பக்கத்துப் பாத்தியில் பிரிம்ரோஸ் பூத்திருந்தால்? மறுபடி சோதனைகள் செய்து, 1868இல் லின்னேயன் சங்கத்துக்கு எழுதினார்: மூன்றும் மூன்று சிற்றினம். வயல் ஓரங்களில் காணும் சாதாரண ஆக்ஸ்லிப், கவ்ஸ்லிப்புக்கும் பிரிம்ரோஸுக்கும் பிறந்த கலப்பு. உண்மையான ஆக்ஸ்லிப், பிரைமுலா எலாட்டியர், வேறு.

சிற்றினங்கள் மாறும் என்று உலகத்துக்கே சொன்னவர், தன் கருத்துக்கு அத்தனை வசதியாக இருந்த ஓர் உதாரணத்தைத் தானே எடுத்துப் போட்டுவிட்டார். ஹென்ஸ்லோ 1861இலேயே இறந்துவிட்டார். இருந்திருந்தால் இந்த மாணவனின் கடிதத்தை எப்படிப் படித்திருப்பார் என்று அந்தப் பைன் மரத்தடியில் நின்று நினைத்துக்கொண்டேன். சந்தோஷப்பட்டிருப்பார் என்றுதான் தோன்றுகிறது. நானாக இருந்தால் பட்டிருப்பேன்.

ராத்திரி அண்ணன் மகளும் மாப்பிள்ளையும் காரில் வந்துவிட்டார்கள். நாளைக்குக் காடு.

ஐந்தாம் நாள்: ஹேலி வுட்

கேம்பிரிட்ஜுக்கு மேற்கே, களிமண் காடு. ரப்பர் பூட்ஸ் இல்லாமல் ஓர் அடி வைக்க முடியாது, மாப்பிள்ளை எனக்கும் ஒரு ஜோடி கொண்டுவந்திருந்தார். உண்மையான ஆக்ஸ்லிப் இங்கிலாந்தின் கிழக்கில் இந்த மாதிரிப் பழைய ஈரக் காடுகளில் மட்டும்தான். மான்களுக்கு இது பிடித்த தீனி, அதனால் வேலி கட்டிக் காப்பாற்றுகிறார்கள்.

உள்ளே போனதும் மூவரும் பேச்சை நிறுத்தினோம். மரங்கள் இன்னும் முழுக்க இலை விடவில்லை. அடியில் தண்ணீர் தேங்கிய மண்ணெல்லாம் வெளிர்மஞ்சள். கவ்ஸ்லிப்பின் அடர் மஞ்சள் இல்லை இது, மோரில் மஞ்சள்தூள் கரைத்த மாதிரி. பூ கவ்ஸ்லிப்பைவிட அகலம், ஒரு பக்கமாகச் சாய்வது மட்டும் அதே போல. ஆரஞ்சுப் பொட்டு இல்லை. முகர்ந்தால் அந்தச் சரிவில் கண்ட வாசம் இல்லை.

"அத்தை, ரெண்டும் ஒண்ணு மாதிரிதானே இருக்கு, எப்படி வேறன்னு சொல்றீங்க?" என்றாள் அண்ணன் மகள். ஐ.டி.யில் வேலை, செடி பக்கம் வந்தவள் இல்லை. எத்தனை பெரிய மனிதர்கள் முப்பது நாற்பது வருஷம் எழுதி எழுதிக் கேட்ட கேள்வி! பொட்டைச் சொன்னேன், வாசத்தைச் சொன்னேன். "அது மட்டும் போதுமா?" என்றாள். போதாது என்றேன். விதையை, தகப்பனை, பூச்சியை, வலையைச் சொன்னேன். ஒரு கட்டையில் உட்கார்ந்து கடைசி வரை கேட்டாள்.

லென்ஸை அவள் கையில் கொடுத்துக் குனிந்து பார்க்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "ஊசி!" என்றாள்.

நான் நோட்டை எடுத்து நடுவே ஒரு கோடு போட்டேன். பாதையை விட்டு இறங்காமல், கைக்கு எட்டுகிற செடிகளாக, செடிக்கு ஒரு பூ. அவள் ஒரு பக்கம், மாப்பிள்ளை ஒரு பக்கம். "நூல்." "நூல்." "ஊசி." "இது என்னன்னு தெரியல, நீங்க வந்து பாருங்க அத்தை." போய்ப் பார்த்தேன், நூல். அறுபது வரை எண்ணினோம். இருபத்தெட்டு ஊசி, முப்பத்திரண்டு நூல். மறுபடியும் தூறல் ஆரம்பித்தது. நோட்டை முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன். "இன்னும் கொஞ்சம் எண்ணலாம்" என்று அவள் அடுத்த செடிக்குப் போனாள்.